செட்டப்பா, சிமுலேஷனா: வேதிப்பொறியியல் ஆய்வில் வழியைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல்

வேதிப்பொறியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவுடன் பாடங்களும் தகுதித் தேர்வும்தான் பெரிய கவலையாகத் தெரியும். அடுத்த நான்கைந்து ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு முடிவு. ஆய்வகத்தில் செட்டப் கட்டி அளக்கப் போகிறோமா, கணினியில் சிமுலேஷன் ஓட்டப் போகிறோமா? பலருக்கும் இந்த முடிவு முதல் செமஸ்டர் முடிவதற்குள், பாதித் தகவலோடு எடுக்கப்பட்டுவிடுகிறது.

காரணம் கேட்டால் "எனக்குக் கோடிங் நன்றாக வரும்" என்பார் ஒருவர். "லேப் என்றாலே பயம்" என்பார் இன்னொருவர். "சோதனை செய்தவர்களுக்குத்தான் ஆலைகளில் வேலை" என்று சீனியர் சொன்னதைக் கேட்டு முடிவெடுத்தவர்களும் உண்டு. இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றை மட்டும் வைத்து ஐந்து ஆண்டுகளை ஒப்படைக்கக் கூடாது. வினையூக்கி ஆய்வகத்தில் சில ஆண்டுகளும், அதன்பின் அதே வினைகளைக் கணினியில் கணக்கிடுவதில் சில ஆண்டுகளும் செலவிட்டவன் நான். இரண்டையும் ஒப்பிட இப்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: இந்த வழியில் போனால், நான் செய்யும் தவறு எனக்கு எப்போது தெரிய வரும்? அன்று மாலையா, ஆறு வாரம் கழித்தா, ஆய்வேடு எழுதும்போதா? சம்பளம், வேலைவாய்ப்பு, பிடித்தம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் என் முதல் ரியாக்டரில் கார்பன் கணக்கு 88 சதவீதத்திலேயே நின்றது. உள்ளே போன கார்பன் முழுவதும் ஏதாவது ஒரு பொருளாக வெளியே வந்தாக வேண்டும். வராத 12 சதவீதம் வினையூக்கியின் மேல் கரியாகப் படிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு வாரம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால், ரியாக்டருக்கும், விளைபொருள்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. (கேஸ் குரோமட்டோகிராஃப்) கருவிக்கும் நடுவே ஒரு சாண் நீளக் குழாயில் ஹீட்டிங் டேப் சுற்றப்படவில்லை. கனமான விளைபொருள்கள் அந்த இடத்தில் குளிர்ந்து, திரவமாகித் தங்கிக்கொண்டிருந்தன. ஆறு வாரத் தரவையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளிலிருந்தே அந்த 88 என்ற எண், "ஏதோ சரியில்லை" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்காதது நான்தான்.

கணினிக்கு மாறிய பிறகு நடந்தது இரண்டாவது சம்பவம். இரும்பின் மேற்பரப்பில் ஒரு வினையைக் கணக்கிடும்போது, எலக்ட்ரான் சுழற்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தெரிவை ஒரு தொகுதிக் கோப்புகளில் போட மறந்துவிட்டேன். இரும்பு காந்தத்தன்மை உள்ள உலோகம். அந்தத் தெரிவு இல்லாமல் வரும் ஆற்றல் மதிப்புகளுக்குப் பொருளே இல்லை. கணக்கு அழகாகக் குவிந்து முடிந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வரைபடங்களும் நேர்த்தியாக இருந்தன. எட்டு மாதம் கழித்து, "ஒவ்வோர் அணுவின் காந்தத் திருப்புத்திறன் எவ்வளவு வந்தது?" என்று மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்ட அன்றுதான் எனக்கு வியர்த்தது.

ஆய்வகத் தவறு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கணினித் தவறு வாயே திறக்காது. முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது, விதிவிலக்குகளும் பெரியவை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஆண்டு எப்படிப் போகும்

சோதனை வழியில் முதல் ஆண்டு பெரும்பாலும் ஒரு முடிவும் தராது. குழாய்களும் ஃபிட்டிங்குகளும் ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டும். வாயு ஓடும் அளவைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலரை ஒவ்வொரு வாயுவுக்கும் தனித்தனியாக அளவுத் திருத்தம் செய்ய வேண்டும். தெரிந்த விகிதத்தில் கலந்த வாயுக்களை ஜி.சி.யில் செலுத்தி, ஒவ்வொரு பீக்கும் எவ்வளவு பொருளைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு வினையூக்கியே இல்லாத வெற்று ரியாக்டரை ஓட்டி, சுவரே வினையை நடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வெற்றுச் சோதனையைத் தவிர்த்தவர்கள் பின்னால் வருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எஃகுச் சுவரில் இருக்கும் நிக்கலும் இரும்பும் சில வினைகளுக்கு நல்ல வினையூக்கிகள்.

செட்டப் தயாரான பின்பும் வேகம் குறைவுதான். இரவு முழுக்க ஹைட்ரஜனில் வினையூக்கியை ஒடுக்க வேண்டும், அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும். காலையில் வினைபொருளைத் திறந்து, நிலையான நிலை வரும்வரை சில மணி நேரம் காத்திருந்து, அரை மணிக்கு ஒருமுறை ஜி.சி.யில் ஊசி போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நல்ல புள்ளி கிடைத்தால் பெரிய விஷயம். வினையூக்கி தன் வீரியத்தை எவ்வளவு வேகமாக இழக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் 100 மணி நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டியிருக்கும். நடுவில் ஒருமுறை மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. ஓர் ஆய்வேட்டில் இருக்கும் முக்கியமான வரைபடங்களின் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் சில நூறுகூட இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு நாளின் உழைப்பு என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

கணினி வழியில் முதல் வாரத்திலேயே ஏதோ ஒரு முடிவு வந்துவிடும். லாம்ப்ஸ், க்ரோமாக்ஸ், ஓப்பன்ஃபோம், குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சிக் கோப்பைத் திறந்து இரண்டு எண்களை மாற்றி ஓட்டினால் வண்ணப்படம் வந்துவிடும். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் ஆண்டின் சோர்வில் அது பெரிய துணை. ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் வருவதற்குச் செய்ய வேண்டிய வேலை, செட்டப் கட்டுவதற்கு ஏறக்குறைய இணையானது. கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைக்கண்ணை இரண்டு மடங்கு நுட்பமாக்கினால் விடை மாறுகிறதா? மூலக்கூறுப் பெட்டியைப் பெரிதாக்கினால்? வேறு தொடக்க நிலையிலிருந்து ஓட்டினால்? இவைதான் கணினி வழியின் வெற்றுச் சோதனைகள்.

காலமும் எல்லையற்றது அல்ல. மூலக்கூறு இயக்கவியலில் ஒரு படி என்பது ஒன்று அல்லது இரண்டு ஃபெம்டோ விநாடி. ஒரே ஒரு மைக்ரோ விநாடியைப் பார்க்க, ஒரு ஃபெம்டோ விநாடிப் படியில் 100 கோடி படிகள் வேண்டும். பாலிமர் மெதுவாக நெகிழ்வதையோ, படிகம் கரு கட்டுவதையோ பார்க்க நினைப்பவருக்கு அந்த மைக்ரோ விநாடியும் போதாது. பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக் கிளஸ்டரின் க்யூவில் காத்திருப்பதும், ஹைட்ரஜன் சிலிண்டர் வரக் காத்திருப்பதும் கடைசியில் ஒரே மாதிரியான காத்திருப்புதான்.

எண்களை எவ்வளவு நம்பலாம்

என் ஒப்பீட்டில் கனமான பகுதி இதுதான். இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வினையூக்கிகளைக் கணக்கிட இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது, எலக்ட்ரான்களின் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாடு, சுருக்கமாக டி.எஃப்.டி. அதன் அடிப்படை 1964, 1965 ஆண்டுகளில் போடப்பட்டது. 1998-இல் வால்ட்டர் கோனுக்கு அதற்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அற்புதமான கருவி. ஆனால் மேற்பரப்பு வினைகளில் அதன் பிழை 0.1 முதல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் வரை இருப்பது சாதாரணம். கேட்பதற்குச் சின்ன எண்ணாக இருக்கிறது. ஆனால் வினைவேகம் கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, அடுக்குக்குறியில் வைத்துக்கொள்கிறது. 500 கெல்வினில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிழை என்றால் வினைவேகத்தில் சுமார் 100 மடங்கு பிழை. அறை வெப்பநிலையில் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். ஒரு ரியாக்டரின் அளவை இந்த எண்ணை வைத்துத் தீர்மானித்தால் குடம் கட்டுவதா, குளம் வெட்டுவதா என்றே தெரியாது.

பிறகு ஏன் அதைச் செய்கிறோம்? ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உலோகங்களை ஒப்பிடும்போது பிழை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே திசையில் விழுகிறது. ஆகவே "இதைவிட அது மேல்" என்ற வரிசை, தனித்தனி எண்களைவிட நம்பத்தக்கதாக இருக்கும். கணினி வழியில் போகிறவர் தன் ஆய்வுக் கேள்வியையே இந்தக் குணத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "இந்த வினை எவ்வளவு வேகத்தில் நடக்கும்?" என்பது டி.எஃப்.டி.க்குக் கஷ்டமான கேள்வி. "எந்தப் படி வேகத்தைத் தடுக்கிறது, எந்தக் கலப்புலோகம் அந்தத் தடையைக் குறைக்கும்?" என்பது அதற்கு ஏற்ற கேள்வி.

மூலக்கூறு சிமுலேஷனில் மௌனமான தவறு எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். உறைநிலைக்கு வெகு கீழேயும் திரவமாகவே இருக்கும் நீருக்கு, அடர்த்தி மிகுந்த ஒன்று, குறைந்த ஒன்று என இரண்டு திரவ நிலைகள் உண்டா? பெர்க்லியிலும் பிரின்ஸ்டனிலும் இருந்த இரண்டு குழுக்கள் ஒரே நீர் மாதிரியைக் கணினியில் ஓட்டி எதிரெதிரான விடைகளைப் பெற்றன. 2011-இல் தொடங்கிய இந்தச் சர்ச்சை 2018-இல்தான் தெளிந்தது. காரணம், ஒரு குழுவின் நிரலில் மூலக்கூறுகளுக்குத் தொடக்கத் திசைவேகம் கொடுக்கும் இடத்தில் இருந்த ஒரு பிழை. உலகத்தின் தலைசிறந்த ஆட்கள், ஒரே ஒரு பிழை, ஏழு ஆண்டுகள். நிரலை வெளியில் பகிர்ந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். ஆகவே கணினி வழியைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: உங்கள் உள்ளீட்டுக் கோப்புகளை முதல் நாளிலிருந்தே இன்னொருவர் திறந்து ஓட்டிப் பார்க்கும் நிலையில் வைத்திருங்கள்.

இப்போது விதிவிலக்குகள். சோதனைத் தவறு எப்போதும் முணுமுணுக்கும் என்று நம்பி ஏமாந்த ஒரு முழுத் துறையே உண்டு. அறை வெப்பநிலையில், மின்சாரத்தைக் கொண்டு நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஆய்வு அது. இதில் கிடைப்பதாகச் சொல்லப்படும் அம்மோனியாவின் அளவு மிகமிகச் சிறியது. அதே அளவு அம்மோனியா காற்றிலும், கையுறையிலும், சவ்விலும், ஆய்வாளரின் மூச்சிலும்கூட இருக்கிறது. வினையூக்கி ஒன்றுமே செய்யாதபோதும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். 2019-இல் ஒரு சர்வதேசக் குழு இதற்குக் கறாரான சோதனை முறையை வகுத்தது. நைட்ரஜன்-15 ஐசோடோப்பைச் செலுத்தி, வெளிவரும் அம்மோனியாவிலும் அதே ஐசோடோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஐசோடோப்பு வாயு சிலிண்டரிலேயே அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மாசாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் தூய்மைப்படுத்த வேண்டும். இந்தச் சல்லடையில் போட்டபோது முந்தைய பல முடிவுகள் நிற்கவில்லை.

நீரைப் பிரித்து ஆக்சிஜன் தயாரிக்கும் நிக்கல் மின்வாயின் கதையும் இதே போன்றது. அதன் அபாரத் திறனுக்குக் காரணம் நிக்கல் மட்டுமல்ல, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் கொஞ்சமே கொஞ்சம் கலந்திருந்த இரும்பும்தான். 1980களிலேயே இதற்குத் தடயம் இருந்தது. 2014-இல் கரைசலைத் தூய்மைப்படுத்திச் செய்த சோதனைகள் அதை ஐயமறக் காட்டின. அதுவரை எத்தனை மாணவர்கள் பாட்டிலின் மாசை அளந்துகொண்டு நிக்கலைப் புகழ்ந்திருப்பார்களோ!

வாயுவை உறிஞ்சும் நுண்துளைப் பொருள்களில் இன்னொரு பாடம் இருக்கிறது. உலோக-கரிமச் சட்டகங்கள் என்று சொல்லப்படும் பொருள்களுக்குத்தான் 2025-இன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவை கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று வெளியான அளவீடுகளை 2017-இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. ஒரே பொருளைப் பலர் அளந்த இடங்களில், சுமார் ஐந்தில் ஒரு பங்கு அளவீடுகள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நின்றன. இத்தனைக்கும் அது எளிய அளவீடு என்று எல்லோரும் நினைத்தது.

ஆக, ஆய்வகத்தில் இருந்தால் உண்மை தானாக வந்து சேர்ந்துவிடாது. கேட்கும் பழக்கம் வேண்டும். ஓர் உதாரணம் போதும். வினையூக்கித் துகளை இரண்டு வெவ்வேறு அளவில் இடித்துச் சலித்து அதே சோதனையைச் செய்து பாருங்கள். வேகம் மாறினால் நீங்கள் அளப்பது வினையை அல்ல. வினைபொருள் துளைகளுக்குள் போய்ச் சேரும் வேகத்தை. அந்த நிலையில் கிடைக்கும் கிளர்வு ஆற்றல் உண்மையானதில் ஏறக்குறைய பாதியாகத்தான் வரும். இதற்கு வைஸ், பிரேட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1954-இலேயே ஓர் எளிய அளவுகோல் கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாள் வேலை. இதைச் செய்யாமல் வெளிவரும் கட்டுரைகள் இன்றும் ஏராளம் என்பது வருத்தமான விஷயம்.

கையும் கண்ணும்

ஒப்பீட்டில் இதை ஏனோ யாரும் எழுதுவதில்லை: சோதனை வழியில் உடம்புக்கு ஆபத்து உண்டு. 2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், வெடிக்கக்கூடிய நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற சேர்மத்தை ஒரு மாணவர் உரலில் நசுக்கும்போது அது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம். ஒருமுறைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று வாய்வார்த்தையாக ஒரு வரம்பு இருந்தது. அன்று தயாரிக்கப்பட்டதோ ஏறக்குறைய 10 கிராம், அதாவது நூறு மடங்கு. திரும்பத் திரும்பச் செய்யாமல் ஒரேயடியாகப் போதுமான அளவு எடுத்துக்கொள்ளலாமே என்ற சாதாரண எண்ணம்தான்.

வேதிப்பொறியியல் படித்தவர்களுக்கு இது நெஞ்சில் தைக்க வேண்டும். அளவு கூடினால் வெப்பம் கனஅளவுக்கு ஏற்பப் பிறக்கும், ஆனால் பரப்பு வழியாகத்தான் வெளியேறும் என்பது நமக்குப் பாடம் நடத்தப்பட்ட விஷயம். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பார்க்கப் போகும் குழுவில் வரம்புகள் எழுத்தில் இருக்கின்றனவா, கசிவுக் கண்டுபிடிப்பான் வேலை செய்கிறதா, இரவில் தனியாக ஓட்டுவதற்கு என்ன விதி என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால், ஆய்வுத் தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வேறு வழிகளும் உண்டு

செயல்முறை மாதிரி, அதாவது முழு ஆலையையும் கணினியில் வைத்து ஆற்றலையும் செலவையும் கணக்கிடும் ஆய்வு, பலரால் குறைத்து மதிக்கப்படுகிறது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. 1970களில் போடோ லின்ஹாஃப் என்ற முனைவர் பட்ட மாணவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வெப்பப் பரிமாற்றிகளின் அமைப்பைப் பற்றி யோசித்ததிலிருந்துதான் பின்ச் பகுப்பாய்வு வளர்ந்தது. ஒரு ஆலைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வெப்பம் வெளியிலிருந்து தேவை என்பதை, வடிவமைப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடும் முறை அது. பெரிய கருவி எதுவும் இல்லாமல், தாளிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

இந்த வழியின் மௌனமான தவறு, பண்புகளுக்கான மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. எத்தனாலையும் நீரையும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்தை இலட்சியக் கரைசல் என்று, அதாவது இரண்டு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று பாதிக்காதது போல, வைத்து ஓட்டிப் பாருங்கள். 99.9 சதவீத எத்தனாலை சிமுலேட்டர் தயங்காமல் தந்துவிடும். உண்மையில் வளிமண்டல அழுத்தத்தில், எடையில் சுமார் 95.6 சதவீதத்திலேயே அது கொதிநிலை மாறாக் கலவையாகி நின்றுவிடும். சாதாரணக் கோபுரம் அதைத் தாண்டாது. எத்தனால் விஷயத்தில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் தப்பித்துவிடுவோம். யாரும் அளந்திராத புதிய கரைப்பானில் அந்தச் சிமுலேட்டரைத் திருத்துவது யார்? எங்கோ ஓர் ஆய்வகத்தில் ஆவி-திரவச் சமநிலையைப் பொறுமையாக அளந்து வைத்த ஒருவர்தான். அவருடைய தரவு இல்லாவிட்டால் இந்த வழி மணல் மேல் நிற்கிறது.

இயந்திரக் கற்றலைப் பற்றிச் சுருக்கமாக. 2020-இல் வெளியான ஓப்பன் கேட்டலிஸ்ட் தொகுப்பில் மேற்பரப்புகளின் மேல் மூலக்கூறுகளை வைத்து ஓட்டிய 12 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.எஃப்.டி. கணக்குகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம். நல்ல விஷயம். ஆனால் டி.எஃப்.டி.யின் பிழையைக் கற்றுக்கொண்ட மாதிரி அதே பிழையைத்தான் வேகமாகத் திருப்பிச் சொல்லும். துணைக் கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலைத் தெரிந்துகொள்ளாமல் அதை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டும் சேர்ந்தால்

"சோதனையும் செய்வேன், கணக்கும் போடுவேன்" என்பது கேட்பதற்கு எல்லாவற்றிலும் சிறந்த வழியாகத் தெரியும். நேர்காணலில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நடைமுறையில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். இரண்டு கருவிகளையும் அளவுத் திருத்தம் செய்யவே காலம் போய்விடுகிறது.

சேர்க்கை எப்போது பலிக்கும் என்பதற்கு 2012-இல் வந்த ஒரு வேலை நல்ல எடுத்துக்காட்டு. கணினியில் 1,37,953 கற்பனையான உலோக-கரிமச் சட்டகங்களை உருவாக்கி, எவை மீத்தேனை நன்றாகச் சேமிக்கும் என்று சலித்தார்கள். அதுவரை தெரிந்திருந்த பொருள்களை மிஞ்சக்கூடியவை என்று 300-க்கும் மேல் தேறின. அவற்றிலிருந்து ஒன்றை ஆய்வகத்தில் உண்மையாகவே தயாரித்து அளந்து பார்த்தார்கள். பாருங்கள், ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற எல்லாமே வெறும் பட்டியல். இங்கே கணக்குதான் மரத்தின் அடிப்பகுதி, சோதனை ஒரு கிளை. தனி ஆள் செய்யும் ஆய்வேட்டிலும் எது அடிமரம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

எது அடிமரம் என்பது கேள்வியைப் பொறுத்தது. "எது வேலை செய்யும்?" என்ற கேள்விக்கு இன்றும் ஆய்வகம்தான் முன்னால் நிற்கிறது. அம்மோனியா தயாரிப்புக்கான இரும்பு வினையூக்கியை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் அல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் கண்டுபிடித்தது. 1913-இல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அது ஏன் வேலை செய்கிறது என்பதை மேற்பரப்பில் படிப்படியாக விளக்கிக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2007-இல். இடையில் 94 ஆண்டுகள், அத்தனை காலமும் ஆலைகள் உரத்துக்கான அம்மோனியாவைத் தயாரித்துக்கொண்டே இருந்தன. "ஏன்?" என்று கேட்பவருக்குக் கணினி இன்று அந்தக் காலத்தை வெகுவாகக் குறைத்துத் தருகிறது. உங்களுக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது "எது" என்ற கேள்வியா, "ஏன்" என்ற கேள்வியா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் எதைச் சொல்வேன்

ஓடிக்கொண்டிருக்கும் செட்டப் ஒன்று இருந்து, அதைக் கட்டிய சீனியர் இன்னும் ஓராண்டாவது பக்கத்தில் இருப்பார் என்றால், சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். தவறு முணுமுணுக்கும் இடத்தில் பழகினால் காது கூர்மையாகும். அந்தக் காதோடு பின்னால் கணினிக்குப் போகலாம். எதிர்த்திசையில் போவது கடினம். முப்பது வயதுக்கு மேல் முதல்முறையாகக் குழாய்களை இணைக்கும் ஸ்வேஜ்லாக் ஃபிட்டிங்கை முறுக்கக் கற்றுக்கொள்ள யாரும் எளிதில் முன்வருவதில்லை. கூடவே உங்கள் ரியாக்டருக்கான மாதிரியை நீங்களே எழுதுங்கள். பெரிய மென்பொருள் வேண்டாம். பொருள் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும் அடங்கிய நூறு வரி நிரல் போதும்.

செட்டப்பே இல்லை, கருவி வாங்க இன்னும் பணமும் வரவில்லை, "இந்த ஆண்டு வந்துவிடும்" என்ற வாக்குறுதி மட்டும் இருக்கிறது என்றால் தயங்காமல் கணினிப் பக்கம் போங்கள். கருவிக்காகக் காத்திருந்தே இரண்டு ஆண்டுகளை இழந்தவர்களை நான் அறிவேன், அந்த இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை. ஆனால் உங்கள் கணக்கோடு ஒப்பிட, வெளியான ஒரு நல்ல சோதனைத் தரவை முதல் மாதமே தேடி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்.

உடல்நிலையோ, குழந்தை வளர்ப்போ, வேறு பொறுப்போ காரணமாக ஆய்வகத்தில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அவர்கள் கணினி வழியை இரண்டாம்தரத் தேர்வாக நினைக்கத் தேவையில்லை. மௌனமான தவறுக்கு எதிராக ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொண்டால் போதும். மாதம் ஒருமுறை ஒருவர் இன்னொருவரின் கணக்கை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதென்று குழுவில் ஒரு நண்பரோடு பேசிக்கொள்ளுங்கள்.

இனி, எந்தக் குழுவில் சேருவது என்று பார்க்கப் போகும்போது, வழிகாட்டியிடம் பேசிய பிறகு அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தியுங்கள். அவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "கடைசியாக எப்போது ஒரு முடிவைத் தூக்கிப் போட்டீர்கள்? அது தவறு என்று யார் கண்டுபிடித்தார்கள்?" அவர் சங்கடப்படாமல், குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தையே காட்டி விளக்கினால், செட்டப்போ சிமுலேஷனோ, அங்கே சேரலாம். "அப்படி எதுவும் நடந்ததில்லை" என்று சொன்னால் அடுத்த குழுவைப் போய்ப் பாருங்கள்.